வடக்கே ஒன்றரைக் கிலோமீற்றர்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
பத்து வருசம் வாடகைக்கு இருந்தது
என் சைக்கிள் கடையல்ல,
அதன் வாசலில் தொங்கிய கரும்பலகை.
கடை அதுக்குத் துணைக்கு.

காற்றடிக்க நிற்கிறவர் வாசிக்கட்டும் என்று
விடிய நாலு வரி எழுதுவேன், வெண்கட்டியால்:
கச்சான் கண்ணில் மண் போட்டதை,
செயின் கழன்ற பொடியன்
பள்ளிக்குப் பிந்தியதை மறந்து சிரித்ததை,
இரவு நித்திரை வராததை,
ஏன் வரவில்லை என்பதை விட்டுவிட்டு.
மறுநாள் அழிப்பேன்.
அழிக்குமுன் கொப்பியில் பார்த்தெழுதுவேன்.
வருசத்துக்கு ஒரு கொப்பி.

கடைச் சொந்தக்காரர்
முதல் மூன்று வருசம் வாடகையே கேட்கவில்லை.
"பலகைக்குச் சனம் வருதுதானே, அது போதும்."
அந்தச் சொல்லின் பொருள்
எனக்கு மெல்லத்தான் விளங்கியது.

மறுகா, என் பலகைக்கு மேலே
தவணைக் கடன் பலகை வந்தது.
பக்கத்தில் முடி வளர்க்கும் எண்ணெய்.
கீழே, சிம் காட் கம்பனியின் சிரிக்கும் பெண்.
அவள் பல்லுக்கும் எண்ணெய்ப் போத்தலுக்கும் நடுவில்
என் நாலு வரி மூச்சுமுட்டிக் கிடந்தது.
ஒரு திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன்,
பலகை கோடிப்புறத்தில், தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில்.
"முன்னுக்கு வேணுமெண்டா மாசம் நாலாயிரம்."

பாண்டிருப்பு முடிந்து மருதமுனை தொடங்கும் இடத்தில்
பாவிக்காத நெற்களஞ்சியம் ஒன்றை
ஏழு பேர் சேர்ந்து எடுத்திருந்தார்கள்.
கரண்ட் பில்லை ஏழாகப் பிரிப்பார்கள்,
என்னோடு எட்டு.
அங்கே எனக்கு முதலில் தந்தது
சாவியல்ல, தும்புத்தடி.
"செவ்வாய்க்கிழமை உங்கட முறை" என்றாள்
பை தைக்கிற ஹிதாயா.

லேன்ட்மாஸ்டரில் எல்லாம் ஏற்றினேன்.
இறக்கும்போதுதான் தெரிந்தது,
நாலாம் கொப்பியில் ஆவணி முழுக்க நீலம்.
எந்த மழை, எப்போது புகுந்தது?
படம் கீறிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி
பிரிய மாட்டோம் என்றன.
விட்டுவிட்டேன்.
ஒரு ஆவணி இல்லாமலும் மனிசன் இருக்கலாம்.

பழைய சுவர் மண்சுவர், ஆணி சும்மா இறங்கும்.
இது கொங்கிறீற்று.
மூன்று ஆணி வளைந்தது, ஒரு விரல் நசிந்தது.
ரேடியோ திருத்துகிற தேவநேசன்
கேட்காமலே துளைக்கும் மெஷினோடு வந்தார்.
அதற்குப் பிறகு ஒரு கூட்டம்,
பலகையில் என்ன எழுதலாம் என்று.
தேர்தல் வேண்டாம்.
ஒருத்தர் கடனை ஒருத்தர் எழுத வேண்டாம்.
காதல் எழுதலாமா என்பதில்
தேத்தண்ணி இரண்டு தரம் வந்தது,
முடிவு வரவில்லை.

மூன்றாம் நாள்
என் நாலு வரிக்குக் கீழே
யாரோ ஐந்தாவது எழுதியிருந்தார்கள்:
"அது கச்சானில்ல. வாடை."
ஆத்திரத்தில் துணியை எடுத்தேன்.
பத்து வருசம் என் பலகையில்
என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை.
அப்புறம் மாதத்தை எண்ணிப் பார்த்தேன்.
மார்கழி.
வாடைதான்.
அடுத்த நாள் தொடக்கம்
கீழே ஒரு சாண் விட்டு எழுதுகிறேன்.

கிளம்பும்போது பழைய சுவரில்
கறுத்தப் பெயின்ற்றால் ஒரு அம்புக்குறி போட்டிருந்தேன்.
வடக்கே ஒன்றரைக் கிலோமீற்றர்.
சொந்தக்காரர் வெள்ளை அடித்தாராம்.
ஒரு பூச்சு. கஞ்சப் பூச்சு.
மழை நனைத்தால் அம்பு தெரிகிறதாம்.

நேற்று வெயிலில்லாத காலையில்
நற்பிட்டிமுனைக்காரர் ஒருவர்
காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்,
சேர்ட் முதுகோடு ஒட்டியிருக்க.
"வழியில ரெண்டு கடை இருக்கே?" என்றேன்.
பதில் சொல்லாமல் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.
கறுப்பு. வெறும் கறுப்பு.
"இண்டைக்கு எழுதலியா?"

நான் என் கையைப் பார்த்தேன்.
தும்புத்தடி.
செவ்வாய்க்கிழமை.