பன்னிரண்டு புள்ளி ஒன்பது

வெள்ளி இரவு பதினொன்றரைக்கு
கார்க் நகரத்து ரத்த வங்கியின் பின்வாசலில்
கையெழுத்துப் போட்டு வாங்குவாய், டொனல்.
பைக்கின் பின்னால் பெட்டி.
பெட்டிக்குள் ஓ நெகட்டிவ், இரண்டு பை.
மக்ரூம் தாண்டி, மழை தாண்டி,
ஆடுகள் குறுக்கே படுத்திருக்கும் மலை வளைவு தாண்டி
ட்ரலீ ஆஸ்பத்திரி.
சம்பளம் கிடையாது. பெட்ரோலுக்குச் சனிக்கிழமைகளில்
சூப்பர் மார்க்கெட் வாசலில் உண்டியல் குலுக்குகிறீர்கள்.

உன் உடம்பில் ஓடுவதும் அதே ஓ நெகட்டிவ்தான்.
யாருக்கும் ஏற்றலாம்.
நீ சுமக்கலாம்,
கொடுக்கத்தான் கூடாது.

முதல் தடவை எனக்கு நினைவிருக்கிறது.
பள்ளிக்கூட ஜிம்மில் முகாம்,
கூடைப்பந்து வளையத்தின் கீழே மடக்குக் கட்டில்கள்.
படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அந்தக் கேள்வி:
இன்னோர் ஆணோடு, எப்போதாவது, ஒரே ஒரு முறையாவது?
ஆம் என்ற கட்டத்தில் டிக் அடித்தாய்.
நர்ஸ் மஜெல்லா பேனாவை மூடினாள்.
எப்போதைக்குமா, என்று கேட்டாய்.
எப்போதைக்கும்தான், என்றாள்
பிஸ்கட் தட்டை உன் பக்கம் நகர்த்தியபடி.
கொடுக்காதவனுக்கும் ஒரு பிஸ்கட் உண்டு.
நீ எடுக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் உன் தம்பி ஃபின்டன்.
வாரக் கடைசிக்கு ஒருத்தி,
பெயர் கேட்டால் கூரையைப் பார்ப்பான்.
அவனிடம் படிவம் எதையும் கேட்கவில்லை.
அவன் பை நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.
ஒரே அம்மா, ஒரே மூக்கு, ஒரே வகை ரத்தம்.

அன்றிரவு நான்தான் கத்தினேன்.
இது பாகுபாடு, வழக்குப் போடுவோம்,
பன்னிரண்டு வருஷமாக ஒரே கட்டில் என்று
அந்தப் படிவத்தில் எங்கே எழுதுவது?
பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்:
மஜெல்லாவுக்கு ஓர் அண்ணன் இருந்தான்.
ரத்தம் உறையாத வியாதி. அதற்கு ஏற்றிய மருந்தோடு
இன்னொரு வியாதியும் ஏறியது.
இருபத்திரண்டு வயசு.
சவப்பெட்டியைத் திறக்கவே விடவில்லையாம்.

தெரியாமல் கத்திவிட்டேன்.
தெரிந்த பிறகும் கேட்டேன்:
ஒவ்வொரு பையையும்தான் சோதிக்கிறார்களே,
பயம் ஏன் நம் வீட்டு எண்ணை மட்டும்
மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது?
நீ வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. ட்ரலீ.
மறுபடியும் பூட்ஸ்.

விதி தவணை முறையில் மாறியது.
ஆயுளுக்கும் என்பது பன்னிரண்டு மாதமானது.
அதாவது ஒரு வருஷம் என்னைத் தொடாதிருந்தால்
உன் ரத்தம் ஆகும்.
செய்தித்தாளைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி
தனிக்கட்டில் வாங்கவா என்று கீழே எழுதினேன்.
அதற்கும் கீழே
பால் தீர்ந்துவிட்டது என்று எழுதினாய்.

பிறகு நான்கு மாதம்.
பிறகு கேள்வியே வேறு. யார் வந்தாலும் அதே கேள்வி:
சமீபத்தில் புதிதாக யாராவது?
ஃபின்டன் பேனாவைக் கடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தான்.
நீ இல்லை என்று எழுதினாய்.
பழைய ஆள்தான். குறட்டை விடுகிற ஆள்.

அதே ஜிம். வளையத்தில் வலை மட்டும் புதுசு.
மஜெல்லாவுக்கு நரைத்திருந்தது.
நம் கல்யாணத்துக்குப் போட்ட சட்டையின் கையை
முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக் காத்திருந்தாய்.
விரல் நுனியில் ஒரு குத்து.
மெஷின் கொஞ்சம் யோசித்தது.
பன்னிரண்டு புள்ளி ஒன்பது.
பதின்மூன்றரை வேணும், டொனல்.
இரும்புச் சத்து பத்தாது. மூணு மாசம் கழித்து வா.

நான் எழுந்துவிட்டேன்.
இத்தனை வருஷச் சண்டையும் நாக்கு நுனியில்.
நீ சிரித்தாய்.
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க,
கேட்டியா, இரும்புதானாம், வெறும் இரும்பு என்று
ஜிம் முழுக்கக் கேட்கச் சிரித்தாய்.
வரிசையில் உனக்கு முன்னால் ஒரு பள்ளி ஆசிரியை
அதே காரணத்துக்காகத் திரும்பிப் போயிருந்தாள்.

மஜெல்லா முதலில் விழித்தாள்.
பிறகு தட்டை நகர்த்தினாள்.
இரண்டு எடுத்தாய், ஒன்று எனக்கு.

இப்போது வீடெல்லாம் ஈரல் வறுக்கும் வாசனை.
எனக்குப் பிடிக்காது. உன்னோடு சேர்ந்து தின்கிறேன்.
வெள்ளிக்கிழமை. மழை பிடித்துவிட்டது.
யாரோ கொடுத்த இரண்டு பை உனக்காகக் காத்திருக்கும்.
மக்ரூம் தாண்டியதும் போன் பண்ணு.