அரை மணித்தியாலம்

கோட்டையில் ஐந்தாம் மாடி.
கண்ணாடிக்கு அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்.
எனக்குத் தந்த வேலை சின்னது:
கொள்கலன் இறங்கிய நேரத்தோடு
முப்பது நிமிடம் கூட்டுகிற ஒரு வரி.
ஏன் என்று பார்.
தேவையில்லையென்றால் எடு.

வரிக்கு மேலே குறிப்பு,
ஆங்கில எழுத்தில் சிங்களம்:
அத கஹன்ன எப்பா. கைவைக்காதே.
ரூ.வி., தொண்ணூற்றாறு நவம்பர்.

எண்ணூறு வரி தள்ளி இன்னொருவர்
அதே முப்பதைக் கழித்திருக்கிறார்.
பெயர் போடவில்லை.
பயந்திருப்பார்.

கூட்டிக் கழித்தால் பூச்சியம்தானே,
இரண்டையும் எடுத்தேன்.
சோதனையில் எல்லாம் பச்சை.

வெள்ளிக்கிழமை.
வெள்ளவத்தையில் கொத்துப் பார்சலோடு படியேற
நிசாம்தீனின் அழைப்பு:
"தங்கச்சி, நாப்பத்தொரு பெட்டி
நேத்தே வந்ததாக் காட்டுது.
ஒரு நாள் கூலி கூடுது,
ஆக்கள் கத்துறாங்க."

திரும்ப ஓட்டோ, திரும்ப ஐந்தாம் மாடி.
கூட்டலுக்கும் கழித்தலுக்கும் நடுவே
எங்கோ ஒரு வரி
நேரத்தை விட்டுவிட்டுத்
திகதியை மட்டும் குறித்துக்கொள்கிறது.
பதினொன்றரைக்குப் பின் இறங்கும் பெட்டிக்கு
இத்தனை வருடமாய் ஒரு நாள் சும்மா.
யாரும் கொடுக்கவில்லை.
எல்லோரும் வாங்கினார்கள்.

தொண்ணூற்றாறு.
மின்சாரம் மிச்சம் பிடிக்க
நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளினார்கள்,
பாதியைப் பிறகு திருப்பித் தந்தார்கள்.
வன்னியில் நாங்கள் தள்ளவில்லை.
ஓமந்தை வரிசையில்
அப்பா கைக்கடிகாரத்தைத் திருகுவார்:
"எங்களுக்குப் பத்து. அங்கால பத்தரை."
அந்த அரை மணியை நான்
பையைத் தூக்கிக்கொண்டு நடந்து கடந்தவள்.
அது இங்கே,
ஒரு வரிக்கும் மறுவரிக்கும் இடையில்
இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

ரூ.வி.க்கு என்ன தெரியும், ஓமந்தை?
தன் பக்கத்து நேரத்தைத்
திருத்திவிட்டு வீடு போயிருப்பார்,
கடைசி ரயிலுக்கு.

இரண்டு வரியையும் திருப்பி வைத்தேன்.
நாற்பத்தொன்றும் மறுபடி இன்றைக்கு வந்தன.
அவருடைய குறிப்புக்குக் கீழே
ஏன் என்று எழுதத் தொடங்கினேன்.
எழுபத்திரண்டு எழுத்துக்குத்தான் இடம்.
ஓர் ஊர்ப்பெயர் எழுதி அழித்தேன்.
கடைசியில் நின்றது:
எடுப்பதென்றால் இரண்டையும் எடுக்காதே,
ஒன்றையும் எடுக்காதே.

சேமித்தேன். சுவர்க் கடிகாரத்தில்
பதினொன்று நாற்பத்திரண்டு.
நாளை என்று பதிந்துகொண்டது.