அறுநூறு அடியில்

ஹெட்செட்டுக்குள் சீனக்குடா விடிந்திருக்கிறது.
வெளியே இரவு எட்டு மணி,
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு வாளி.

ஹஸ்மியாவுக்கு அந்த வாளி தெரியாது.
அவளுக்குத் தெரிவதில் கை மட்டும் நிஜம்:
நெற்றியில் இருக்கும் இரண்டு கமராக்கள்
அவளுடைய விரல்களையும் திரொட்டிலையும்
உள்ளபடி உள்ளே விடுகின்றன,
மருதோண்டி பாதி அழிந்த நகங்களோடு.
கண்ணாடிக்கு அப்பால் உள்ளதெல்லாம்
நான் போட்டது.

நான் விமானி அல்ல.
பக்கத்து மேசையிலிருந்து
கச்சானைக் கூட்டிக் குறைப்பவள்.
முகிலுக்கு ஒரு பொத்தான், மழைக்கு ஒன்று,
எஞ்சின் நிற்பதற்குச் சிவப்பில் ஒன்று.
எப்போது அமுக்குவேன் என்று
யாருக்கும் சொல்லக்கூடாது.
வீட்டில் தங்கச்சி கேட்பாள்:
"இண்டைக்கு எத்தினை பேரை விழுத்தினனீ?"

போன மாதம் ஹஸ்மியா கேட்டாள்:
"அக்கா, இந்தக் குடாவுல ஏன் ஒருத்தருமில்ல?"
பார்த்தேன். உண்மைதான்.
செய்மதி எடுத்த தம்பலகாமக் குடா
கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல் கிடந்தது.
கிண்ணியாப் பாலம் இருந்தது, பஸ் இல்லை.
எண்ணெய்த் தாங்கிகள் இருந்தன, குரங்கு இல்லை.
கோட்டை வாசலில் மான் இல்லை.
அவளுடைய வீடிருக்கும் ஒழுங்கையில்
எல்லாக் கூரைக்கும் ஒரே சிவப்பு.

அடுத்த நாள் பாலத்தடியில் இறங்கி
நீலமும் மஞ்சளுமாய் ஒரு தோணியைப்
பதினாறு பக்கத்திலிருந்து படமெடுத்தேன்.
ஆள் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.
மூன்று இரவு வேலை.
அணியத்தில் பிறை, ஓட்டைக்கு அடித்த தகரம்,
இலக்கம்கூட வாசிக்கலாம்.
குடாவின் நடுவில் மிதக்கவிட்டேன்.
அவளுக்கும் சொல்லவில்லை.

இன்று பரீட்சை. கப்டன் லியோனல் கைகட்டி நிற்கிறார்.
ஓடுபாதை இருபத்துநான்கு.
கச்சான் நேர் முகத்தில், பதினெட்டு நொட்.
சக்கரம் தரை விட்டது.
நானூறு. ஐந்நூறு.
அறுநூறில் அமுக்கினேன்.

சத்தம் நின்றால் எப்படியிருக்கும் என்பதை
இந்த மெஷின் நன்றாகச் செய்யும்.
திரும்பாதே, திரும்பினால் சுழன்று விழுவாய்:
நூறு தடவை படித்த பாடம். அவள் திரும்பவில்லை.
மூக்கைத் தாழ்த்தினாள். வேகம் எழுபது.
எரிபொருளை மூடினாள், கதவுத் தாழ் திறந்தாள்,
தண்ணீர் முன்னால், அகலமாய், நேராக,
எல்லாம் சரி, எல்லாம் சரி,
கப்டன் பேனை மூடியைக் கழற்றிவிட்டார்,

அப்போது நீலமும் மஞ்சளும்.

இருநூறு அடியில் யாரும் செய்யாததைச் செய்தாள்.
இடச்சிறகு நீரில் பட்டு,
கண்டல் காடு எழும்பி வந்து,
திரை சிவந்து, பிறகு
அந்தச் சாம்பல் நிறம்.

கழற்றினாள். நெற்றியில் பட்டி பதிந்த கோடு.
"ஏன் வளைத்தாய்?" கப்டன் ஆங்கிலத்தில் கேட்டார்.
அவள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:
"தோணியில ஆள் இருந்திச்சு."

இல்லை.
நான் வைக்கவில்லை. வெறும் பலகைதான்.
எனக்குத் தெரியாதா.
பதிவை ஓட்டிக் காட்டினோம்,
தோணி தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.
"ஓம்" என்றாள்.
ஒப்புக்கொண்ட ஓமா என்று விளங்கவில்லை.

"தோணி என்னுடைய வேலை" என்றேன்,
ஏசிச் சத்தத்தைவிட மெதுவாக.
"அழித்துவிடு" என்றார் கப்டன்.
படிவத்தில் தோல்விக் கட்டத்துக்குக் கோடு போட்டார்.
காரணம்: அநாவசிய வளைவு.

எல்லாரும் போனபின் தோணிக்குக் கிட்டப் போனேன்.
அழிக்கத்தான்.
பின்பக்கம், நட்டுவைத்த சவளில்
காயப்போட்ட ஒரு சாரன்.
அன்றைய காற்றில் அசைந்ததால் படம் ஒட்டவில்லை,
பிசிறென்று நான் விட்டுவைத்தது.
தோளுயரம். கொஞ்சம் குனிந்த மாதிரி.
இரண்டு தடவை சுற்றி வந்தேன்.
எந்தப் பக்கமிருந்தும் அதற்கு முகமில்லை.

நாளை காலை ஒன்பதுக்கு மறுபரீட்சை.
விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தேன்.
வாளி நிறைந்துவிட்டது,
முதலில் அதை ஊற்றிவிட்டு வரவேண்டும்.