கால் திருப்பு

முத்துக்கடை தாண்டி மூன்றாவது ஷெட்.
பதினொன்றரைக்கே தகரம் கொதிக்கிறது.
தோல் ஏற்றும் சின்ன லாரி, ஹெட் கழற்றி.
கேஸ்கெட் போய், தண்ணீர் ஆயிலில் இறங்கி,
டிப்ஸ்டிக்கில் பால் விட்ட டீயின் நிறம்.

போன மாதம் ஆற்காட்டில் யாரோ
ஸ்பேனரில் பைப் மாட்டி இறுக்கியிருக்கிறார்.
இரண்டு போல்ட்டின் கழுத்து
இழுத்த ஜவ்வு மிட்டாய்போல மெலிந்திருந்தது.
"ஆளு நல்ல பலசாலிங்க" என்றார் டிரைவர் தெய்வசிகாமணி.
அதுதான் கோளாறு என்று நான் சொல்லவில்லை.

புது போல்ட் பத்து.
மரையில் ஒரு சொட்டு ஆயில்.
காய்ந்த மரை பொய் சொல்லும்,
உரசலைக் காட்டி இறுக்கம் என்று கணக்கு எழுதும்.
நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகணும்,
சப்பாத்தி தேய்ப்பதுபோல.
முதல் சுற்று முப்பது. அடுத்தது அறுபது.
டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றதும் விடணும்.
கை இன்னும் கேட்கும். தோள் இன்னும் கேட்கும்.

"இன்னொரு பிடி போடுங்க பாய், ரோடு மோசம்."
போல்ட்டும் ஸ்பிரிங்தான் அண்ணே.
மயிரளவு நீண்டு
திரும்பிச் சுருங்கப் பார்க்கிற அந்த ஏக்கம்தான்
ஹெட்டைப் பிடித்து வைத்திருக்கிறது.
ரொம்ப நீட்டினால் வெறும் கம்பி.

கடைசிச் சுற்றுக்கு எண் கிடையாது.
தொண்ணூறு டிகிரி, கால் திருப்பு.
அதற்குச் சத்தமும் கிடையாது.

ஆறு முடித்தேன். போன்.
மேல்விஷாரத்திலிருந்து நூருன்னிஸா:
"வீட்டுக்காரர் அட்வான்ஸைக் கையில கொடுத்துட்டாரு.
ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணணுமாம்."
சரி என்றேன்.
சரி என்பதைத் தவிர வேறு சொல் வாயில் இல்லை.

ஏழாவதைத் திருப்பினேனா?
சாக்கெட் ஏழின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.
முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறதா,
தொடங்கப்போகிறதா?
வெள்ளைப் புள்ளி வைக்கிற இம்தியாஸ்
சோடா வாங்கப் போயிருந்தான்.

ஓரத்திலிருந்து உள்ளே,
பத்தையும் தளர்த்தினேன்.
"ஒண்ணுக்காகப் பத்துமா?
ஆம்பூர்ல லோடு நிக்குது பாய்!"
பதில் சொல்லவில்லை. முப்பது.
அறுபது. இந்த முறை ஒவ்வொரு கால் திருப்புக்கும்
எண்ணை உரக்கச் சொன்னேன்.
ஐந்துக்கு மேல் தெய்வசிகாமணியும்
கூடவே எண்ணத் தொடங்கினார், கோபமாக.

நாலரைக்கு என்ஜின் பிடித்தது.
லாரி பாலாற்றுப் பாலம் ஏறுவதைப் பார்த்தேன்,
வெள்ளைப் புகை இல்லை.

ரெஞ்சின் பிடியைச் சுழற்றி
அடி எண்ணுக்கு இறக்கிப் பெட்டியில் வைத்தேன்.
இறுக்கிய நிலையில் தூங்கவிட்டால்
நாளைக்குத் தப்பாகச் சொல்லும்.

பிறகு கையைக்கூடத் துடைக்காமல்
நூருன்னிஸாவைக் கூப்பிட்டேன்.
என்ன சொன்னாரு அவரு,
முதல்லேர்ந்து சொல்லு.