சாட்சி நேரம்

இரண்டாம் ஆராதனை. சாட்சி நேரம்.
ஒவ்வொருவராக வந்து மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள்.
ஹென்னூர் சகோதரர் குடியை விட்டார்.
பானஸ்வாடி அக்காவுக்குக் கட்டி கரைந்தது.
எல்லாமே இறந்தகாலத்தில் முடிகின்றன,
பின்னாலேயே முற்றுப்புள்ளியாக ஓர் ஆமென்.

என்னுடையது முடியவில்லை.
அதனால் எழுவதில்லை.
பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொள்கிறேன்.

அவன் கெட்டவன் இல்லை.
பிசாசு என்றால் சுலபம், துரத்திவிடலாம்.
இவன், எனக்குக் காய்ச்சல் என்றால்
மாத்திரை அட்டையை மேசையில் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போகிறவன்.
நான் பேசி முடிக்கும்வரை கேட்கிறவன்.
எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரே கேப்.
பொம்மனஹள்ளியில் இறங்கிவிடுவான்.
இரண்டு நிமிடம் கழித்து என் மடியில் ஃபோன் அதிரும்.

அவன் எண்ணை
'கேஸ் ஏஜென்சி' என்று சேமித்திருந்தேன்.

"இந்த மாசத்துல மூணாவது தடவை
கேஸ்காரன் மெசேஜ் போடுறானே"
என்றார் ஸ்டார்வின்,
மிக்ஸி ஜாருக்குப் புது வாஷர் மாட்டிக்கொண்டே.
அடுப்படியில் சிலிண்டர்
நிறைமாதமாக நின்றது.

லெந்து தொடங்கியதும் கறியை விட்டேன்.
காபியை விட்டேன், தலைவலியோடு.
ஃபோனைக் குப்புறப் போட மட்டும் கை வரவில்லை.
ஆண்டவரே, இந்த ஆசையை எடுத்துப்போடும் என்று
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
அவர் எடுத்துப்போடவில்லை.
எழுந்தும் போய்விடவில்லை.

சில இரவுகள் பதில் போடாமல் படுத்தேன்.
காலையில் பார்த்தால்
நேற்றுச் சொன்ன 'வேண்டாம்'
நேற்றைய பஸ் பாஸ் மாதிரி செல்லாமல் கிடக்கும்.
புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்,
அதே சில்லறைக்குத் தடவ வேண்டும்.

அன்றைக்கு சில்க் போர்டு சிக்னல்.
நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்கால்.
மெட்ரோ வேலைக்குக் கம்பி ஏற்றிய லாரிகள் முன்னால்.
சிவப்பு எண் இறங்குகிறது.
நான்கு, மூன்று, இரண்டு.
ஒன்றுக்கு வந்ததும் பச்சை விழாமல்
மறுபடி நூற்றெண்பது.
டிரைவர் மஞ்சண்ணா ஒரு வார்த்தை சொல்லவில்லை.
இன்ஜினை அணைத்துவிட்டு
கையைப் பின்னந்தலைக்குக் கொடுத்துச் சாய்ந்துகொண்டார்.

கேஸ் ஏஜென்சி: வீட்டுக்குப் போயிட்டியா?

செய்தியைத் தொடவில்லை. பெயரைத் தொட்டேன்.
கே, ஸ், ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
அவன் அம்மா வைத்த பெயரை அடித்தேன்.
அதைப் படிக்கவே எனக்குக் கூசியது.
பிறகு எழுதினேன்:
இல்ல. இனிமே இந்த நேரத்துல எழுதாத.

இரண்டு நீலக் கோடுகள்.
வெகுநேரம் கழித்து 'சரி'.
அந்தச் சரி சுருக்கென்று இறங்கியது.
அது இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்கலாம்.

எண் தொண்ணூறில் இருந்தது.
எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது.
முன்சீட்டுக் காவலாளி திரும்பிப் பார்த்தார்.
ஒன்றும் ஜெயிக்கவில்லை நான்.
நாளைக்கும் எதிர் மேசையில் இருப்பான்,
அந்த நீலச் சட்டையில், அது அவனுக்கு எடுக்கும்.
பச்சையும் விழவில்லை.
ஆனாலும் யாருக்கும் ஒளியாமல்
ஒரு சிவப்பு விளக்கின் கீழே உட்கார்ந்திருந்தேன்.
இத்தனை இடம் இருந்ததா இந்த வண்டிக்குள்?

வியாழக்கிழமை, நிஜமான கேஸ் ஏஜென்சி.
சிலிண்டர் புறப்பட்டுவிட்டதாம்.
ஸ்டார்வினிடம் காட்டினேன்.
காட்டிவிட்டு மற்றதையும் சொன்னேன்.
கையிலிருந்த கரண்டியைத் துடைத்துத் துடைத்து
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.
வீட்டில் நான்கு நாள் மிக்ஸி ஓடவில்லை.
பழைய சோற்றுக்கு ஊறுகாய்.
ஐந்தாம் நாள் விடியலில் தேங்காய் அரைபடும் சத்தம்.
படுக்கையில் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வேற யாராவது?" என்கிறார் போதகர்.
எழுகிறேன். மைக் கரகரக்கிறது.

ஸ்தோத்திரம். என் பேர் எப்சிபா.
நான் விட்டுக்கிட்டு இருக்கேன்.

எதை என்று யாரும் கேட்கவில்லை.
ஆண்கள் பக்கத்தில் ஒரு தலை நிமிர்ந்து,
பிறகு குனிந்தது.
ஆமென் சொல்ல சபைக்குக்
கொஞ்ச நேரம் பிடித்தது.