நடுப்புள்ளி

மின் எந்திரங்கள், இரண்டாம் தாள்.
எனக்கு மூன்றாவது அரியர்.
காலை எட்டரைக்குத் தேர்வு.
இரவு ஒன்பதுக்கு இந்தப் பக்கத்தில் இருந்தேன்:
மூன்று ஃபேஸ், நடுவே நூற்றிருபது பாகை,
மூன்றிலும் சுமை சமமென்றால்
நியூட்ரலில் ஓடுவது சுழி.

சிகாஸ்வே சார் இதைச் சொன்னதும்
சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்,
உலகக் கணக்கு முடிந்துவிட்டதுபோல.
கடைசி வரிசையிலிருந்து கேட்டேன் ஒருநாள்:
கிட்வேயில் எந்தத் தெருவில் சார் சமம்?
வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
"தேர்வில்" என்றார்.

விரலை அந்த வரியில் வைத்திருக்கும்போதே
என் பல்பு வெளுத்தது.
மஞ்சள் போய்ப் பாலாகி, பாலும் போய்
கண் கூசும் ஏதோ ஒன்றாகி,
டப் என்றது.
எதிர்வரிசையில் கபெம்புவாவின் அம்மா
இறைவனையும் மின்வாரியத்தையும் ஒரே மூச்சில் ஏசினாள்:
ஹாட் பிளேட் சுடவே மாட்டேனென்கிறது,
மாவு பாதி வெந்து கிடக்கிறது.
அவள் ஜன்னலில் வெளிச்சம்
அவியப்போகும் கரித்துண்டின் நிறம்.

மழையில் நனைந்த கம்பத்தில் எங்கோ
ஒரு கவ்வி கழன்றிருக்கிறது.
செருப்பில்லாமல் ஓடினேன்.
நியூட்ரல் போச்சு, நியூட்ரல் போச்சு,
எல்லாத்தையும் பிடுங்குங்க!
"டிப்ளமா வந்துட்டா" என்றது ஒரு கதவு.
சலூன்காரன் கபாசோ வாசலில் நின்று
தன் டியூப்லைட்டை ரசித்துக்கொண்டிருந்தான்.
"குறைஞ்சாத் திட்டுறோம் சரி,
கூடினாலுமா திட்டணும், சிலேக்வா?"

மல்டிமீட்டர் தவணையில் வாங்கியது.
வீடு வீடாகக் குத்திப் பார்த்தேன்.
முந்நூற்று நாற்பது.
முந்நூற்றைந்து.
ஹாட் பிளேட்டுகள் வரிசையாய் எரியும் பக்கம்
தொண்ணூற்றாறு.
சுவரில் கரியால் முக்கோணம் போட்டேன்.
நடுவில் இருக்கவேண்டிய புள்ளி
கனத்த பக்கமாய்ச் சரிந்துபோயிருந்தது.
சுமை யாருக்குக் குறைவோ
அவர் தலையில் ஏறுகிறது வோல்டேஜ்.
இது நான் சொல்வதில்லை, கணக்கு சொல்வது.
இருந்தும் ஒருமுறை சரிபார்த்தேன்,
அநியாயமாய்த் தெரிந்ததால்.

லுபுடோ வீட்டுக்குப் போனபோது தாமதம்.
லுபுடோ என்றால் எங்கள் பேச்சில் வெளிச்சம்.
அந்த வீட்டில் இருந்ததே இரண்டு:
ஒரு பல்பு,
குச்சி ஐஸ் விற்க வாங்கிய பழைய ஃப்ரீசர்.
கம்ப்ரசரிலிருந்து வார்னிஷ் கருகும் வாசம்.
எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அந்த வாசத்துக்கு
ஐந்து மதிப்பெண் உண்டு,
மோட்டார் சுருள் எரிந்தது என எழுதினால்.
இங்கே இரண்டு தவணை பாக்கி இருந்தது.

அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
மூடியைத் திறந்து பார்த்தாள்.
பிறகு தெருவுக்கு வந்து
பிள்ளைகளை எழுப்பச் சொன்னாள்.
உருகுவதற்குள் தின்னட்டும்.
நடுராத்திரி, மின்சாரம் பிடுங்கிய தெருவில்,
முப்பது நாற்பது வாய்கள் ஐஸை உறிஞ்சும் சத்தம்.
எனக்கு இரண்டு கொடுத்தாள், சிவப்பு.
கபாசோவும் வந்து வாங்கிக்கொண்டான்,
அவனுடைய டியூப்லைட்டும் அதற்குள் போயிருந்தது.

ஏணி வண்டி நாலு மணிக்கு வந்தது.
எந்தக் கவ்வி என்று காட்டினேன்.
ஏறப் போனவன் கேட்டான், நீ யார்?
பதில் தேடுவதற்குள் ஏறிவிட்டான்.

நான்காம் கேள்வி இப்படித் தொடங்கியது:
சுமை சமமானது எனக் கொள்க.
கொள்க.
அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு கொண்டேன்.
பத்து மதிப்பெண் அல்லவா.
படம் போட்டேன், புள்ளியை நடுவில் வைத்தேன்,
சுழி என்று எழுதி இருமுறை அடிக்கோடிட்டேன்.

மேற்பார்வையாளர் அடையாள அட்டையைக் கேட்டார்.
பெயர் சொல்ல வாய் திறந்தேன்.
உடம்புக்கு ஏதாவதா என்றார்.
நாக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது.