குழாயின் வால்முனை

பத்து மீட்டர் செம்புக்குழாய்.
பேனா ரீஃபிலின் உள்வாய்கூட இதைவிடப் பெரிது.
சுருட்டி எண்ணெய்த் தொட்டியில் இறக்கிவிட்டால்
செகெத் நகரில் எங்கள் தொழிற்சாலை
அவ்வளவுதான்.

ஒரு பம்பில் அசைடு, மறு பம்பில் அல்கைன்.
முச்சந்தியில் சந்தித்து
ஏழு நிமிடம் சேர்ந்து நடக்கின்றன.
செம்பு வெறும் சுவரல்ல, தரகும் பார்க்கிறது.
இரண்டு கார்பன் மூன்று நைட்ரஜன்
கைகோத்து வெளியேறும்:
பல்லின வளையம்.

முன்பு பெரிய குடுவையில்
எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினோம்.
அசைடுக்குக் கோபம் வந்தால் கூரை மிஞ்சாது.
கெந்தேயின் இடது காது அந்தக் காலத்தோடு போனது.
எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.
இப்போது எந்த நொடியிலும் குழாய்க்குள்
ஒன்றரைத் தேக்கரண்டிக்கு மேல் இல்லை.
ஆபத்துக்குப் பசி தெரியாமல்
ஊட்டிக்கொண்டே இருக்கிறோம்.

நேற்று இரவு மூன்று மணிக்கு
அழுத்தமானி முள் விறுவிறுவென ஏறியது.
வால்முனையில் வெள்ளைப் படிகம்.
வேண்டியதுதான் வழியை அடைத்திருந்தது.
பம்பை நிறுத்தி
வில்லோவின் ஹேர் டிரையரால்
குழாய்க்குத் தலை உலர்த்தினேன்.

விடிந்ததும் திஸா ஆற்றங்கரை.
அப்பா தூண்டிலுக்குப் புழு கோத்துக்கொண்டிருந்தார்.
இரண்டாயிரம் பிப்ரவரியில் எனக்கு எட்டு வயது.
மேலே எங்கோ சுரங்கக் குட்டை உடைந்து
சயனைடு வந்தது.
படகு நிறைய மீனோடு திரும்பினார் அப்பா.
விற்க இல்லை, புதைக்க.

"ராத்திரியெல்லாம் என்ன செஞ்ச?"
"வளையம். பூஞ்சை மருந்துக்கு."
"அந்தப் பக்கம் என்ன வருது?"
"எத்தனால். பிடிச்சு மறுபடி உள்ளேயே விட்டுடுவோம்."
"அப்புறம்?"
"தண்ணி."
"தண்ணியில?"

மிதவை இரண்டு முறை அமுங்கி எழுந்தது.
அவர் அதைப் பார்க்கவில்லை.
"செம்பு," என்றேன்.
"லிட்டருக்குச் சில மில்லிகிராம்."
தரகன் கூலி வாங்காமல் இருப்பானா?
குழாய் தன்னையே கொஞ்சம் கரைத்துத்தான்
வேலை செய்கிறது.
அறிக்கையில் அதை அடிக்குறிப்பில் போட்டிருந்தேன்,
சின்ன எழுத்தில்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
புழு போயிருந்தது. வேறு கோத்தார்.

திங்கட்கிழமை
வால்முனையில் செம்பு பிடிக்கும் பிசின் வடிகட்டி
பொருத்தச் சொன்னேன் கெந்தேயிடம்.
இரண்டு தடவை.